எட்டுச் சோடிச் சப்பாத்து

1986ஆம் ஆண்டு மார்கழி மாதம் எங்கள்மேல் இரக்கப்படுவதற்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. எசன் நகரத்தை ஒட்டிக் கிடந்த அந்தச் சின்ன ஊரில் மற்றப் பதினொரு மாதமும் எங்களைக் கண்டால் சனம் தெருவின் மறுபக்கம் போய்விடும். மார்கழி பிறந்ததும் அதே சனம் ஹைமின் கதவைத் தட்டத் தொடங்கியது. ஹைம் என்பது அகதி விண்ணப்பம் போட்டவர்களை வைத்திருக்கும் விடுதி. முதல் வாரம் பழைய கம்பளிச் சட்டைகள் வந்தன. இரண்டாம் வாரம் பழைய சப்பாத்துகள் வந்தன. மூன்றாம் வாரம் பிராவ் கெஸ்லர் வந்தார்.

பிராவ் கெஸ்லர் தேவாலயத்து மாதர் சங்கத்தின் தலைவி. நல்ல மனுசி. அதுதான் சிக்கல். கெட்டவர்களிடம் முகத்தை முறித்துக்கொண்டு முடியாது என்று சொல்லிவிடலாம். இவர் கொண்டுவரும் நன்மைகளை மறுக்க எங்களில் ஒருவருக்கும் போதிய ஜெர்மன் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நத்தார் பண்டிகைக்காக விளக்கு ட்ராம் ஓடப்போகிறது என்றும், அதில் எங்களில் எட்டுப் பேருக்கு இலவச இடம் வாங்கியிருப்பதாகவும் சொன்னார். ஊர் நடுவிலிருந்து கடைசித் தரிப்பு வரை போய்த் திரும்பி வரும். அப்படி இரண்டு முறை. பாட்டு உண்டு, பலகாரம் உண்டு, நிக்கொலவுஸ் தாத்தா உண்டு. “நீங்களும் கொஞ்சம் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும்” என்றார். எங்கள் அறையில் இரண்டு மாதமாகப் பல்ப் எரிவதில்லை. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

எனக்கு இந்த ட்ராமில் ஏறும் எண்ணமே இருக்கவில்லை. ஆனால் என் மனைவி ரஞ்சினி “கடைசித் தரிப்பு” என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள். கடைசித் தரிப்பிலிருந்து முந்நூறு மீற்றர் நடந்தால் எங்கள் ஊர் முடிந்து எசன் தொடங்கும். எசனில் அவளுடைய அண்ணன் யோகலிங்கம் இருந்தான்.

இந்த இடத்தில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒரு ஊருக்கு ஒதுக்கப்பட்ட அகதி அந்த ஊரின் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டுமென்றால் அன்ராக் என்ற விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். கடலையும் மூன்று நாட்டையும் தாண்டி ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய எங்களுக்கு, ஒரு பேக்கரிக்கும் ஒரு பெற்றோல் நிலையத்துக்கும் நடுவில் இருந்த மஞ்சள் பலகையைத் தாண்டத் தடை. புரட்டாதியில் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஜெயமலர் என்று பெயர் வைத்தோம். தாய்மாமன் வந்து பார்க்க அனுமதி கேட்டு ரஞ்சினி மூன்று அன்ராக் எழுதினாள். அவளுடைய பத்திரத்தில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் கணேசலிங்கம் என்று என் பெயர் இருந்தது. அண்ணனுடைய பத்திரத்தில் அவர்களின் தகப்பன் பெயர் நாகமுத்து இருந்தது. இரண்டு பெயரும் வேறாக இருப்பதால் இரண்டு பேரும் உறவு என்பதற்கு ஆதாரமில்லை என்று வெளிநாட்டார் அலுவலகம் மூன்று முறையும் ஒரே கடிதத்தை அனுப்பியது. திகதியை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

யோகலிங்கம் ஆடி மாதம் ஒருமுறை களவாக வந்து பிடிபட்டவன். இன்னொரு முறை பிடிபட்டால் வழக்கு. அவனுடைய அகதி விண்ணப்பமும் சேர்ந்து நாறிப்போகும். இந்த நிலையில்தான் அந்த வியாழக்கிழமை அவனுக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு பஸ். போகும் இடம் இருநூறு கிலோமீற்றருக்கு அப்பால், காட்டுக்குள் ஏதோ ஒரு ஊர். ஞாயிறு மாலை பிள்ளையைப் பார்க்காவிட்டால் இனி எப்போது பார்ப்பான் என்று ஒருவருக்கும் தெரியாது.

ஹைம் வாசலில் இருந்த ரெலிபோன் கூண்டிலிருந்து அவனோடு பேசினேன்.

“முந்நூறு மீற்றருக்கு ஆர் மச்சான் பிடிக்கப் போறாங்கள்?” என்றான்.

“ஆடி மாசம் நீ பிடிபட்டது நானூறு மீற்றரிலை.”

“அப்ப இந்த முறை நூறு மீற்றர் லாபம். ட்ராம் கடைசித் தரிப்பிலை எவ்வளவு நேரம் நிக்கும்?”

“பத்து நிமிசம்.”

“காணும். ஏறிப் பாத்திட்டு இறங்கிறன்.”

திட்டம் இவ்வளவுதான். தமிழர்களிடம் ஒரு திட்டம் இவ்வளவு எளிதாக இருந்தால் அதைச் சிக்கலாக்க ஒருவர் வந்தே தீர வேண்டும். எங்கள் ஹைமில் அந்தப் பதவியைச் செல்லமக்கா வகித்தார். ஐம்பது வயது, கணீரென்ற குரல், எல்லாச் சாத்திரமும் அத்துப்படி. பிள்ளைப் பேற்றின்போது ரஞ்சினிக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் நின்றவரும் அவர்தான்.

“பிள்ளை கொடி சுத்திப் பிறந்தது தம்பி. மறந்து போனீங்களே? தாய்மாமனுக்கு ஆகாது. அவன் நேரே முகத்தைப் பாக்கக்கூடாது. முதல் எண்ணெயிலை பாக்கோணும்.”

தொப்புள்கொடி கழுத்தில் சுற்றிப் பிறக்கும் பிள்ளையின் முகத்தைத் தாய்மாமன் முதன்முதலில் ஒரு தட்டு எண்ணெயில் நிழலாகத்தான் பார்க்க வேண்டும், அப்படிப் பார்த்தால் அவனுக்குத் தீங்கில்லை என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. யோகலிங்கம் ஊரில் சிவப்புப் புத்தகங்கள் படித்தவன். கோயில் வாசலில் நின்று ஐயரோடு வாதாடியவன். அவன் இதைக் கேட்டால் சிரிப்பான் என்றேன். “அவன் சிரிக்கட்டும். எண்ணெய் நான் கொண்டு வாறன்” என்றார் செல்லமக்கா.

நல்லெண்ணெய் எசனில் ஒரு தமிழ்க் கடையில் கிடைக்கும். எசனுக்குப் போக எங்களுக்கு அனுமதி இல்லை. ஹைமில் தந்த சூரியகாந்தி எண்ணெய்தான் இருந்தது. சாத்திரத்தில் சூரியகாந்தி பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை என்பதால் அது தடையும் செய்யப்படவில்லை என்று செல்லமக்கா தீர்ப்பளித்தார். அந்தப் பகுத்தறிவு எங்கள் வெளிநாட்டார் அலுவலகத்தில் ஒருவருக்கு இருந்திருந்தால் நாங்கள் எல்லோரும் எப்போதோ ஜெர்மன்காரராகியிருப்போம். எண்ணெயைத் தேத்தண்ணிப் பிளாஸ்கில் ஊற்றி, ஒரு எவர்சில்வர் தட்டையும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு நன்றாக இருட்டிவிட்டது. ட்ராம் வந்தது. கூரையிலிருந்து சில்லு வரை பச்சை, சிவப்பு, மஞ்சள் பல்ப். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் ஐஸ்கிறீம் வானைப் பத்து மடங்கு பெருப்பித்தது போல இருந்தது. ஜெர்மன்காரர் ஒழுங்கையும் அமைதியையும் விரும்புகிறவர்கள் என்று எங்களுக்கு வகுப்பெடுத்த ஆட்கள் இதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

எங்களோடு ஹவுஸ்மைஸ்ரர் வில்ம்ஸும் வந்தார். ஹைமின் சாவியும் சட்டமும் அவர் கையில். எட்டுப் பேரின் பெயர்ப் பட்டியலை ஒரு அட்டையில் குத்திப் பிடித்திருந்தார். எட்டுப் பேர் போகிறார்கள், எட்டுப் பேர் திரும்பி வர வேண்டும், பட்டியலில் இல்லாத ஆள் எங்களோடு சேரக் கூடாது, குழந்தை கணக்கில் இல்லை என்று படியில் நின்று அறிவித்தார். நத்தார் வாழ்த்தும் சொன்னார்.

முதலில் ஏறிய செல்லமக்கா படியிலேயே நின்றுவிட்டார். சாரதியின் இருக்கைக்குப் பின்னால் வைக்கோல் பரப்பி, யேசு பாலனைக் கிடத்தி, மெழுகுதிரிபோல விளக்குகள் வைத்திருந்தார்கள்.

“உள்ளுக்கை சாமி இருக்குது. சப்பாத்தோட ஏறுறதோ?” என்று கேட்டபடி குனிந்து கழற்றினார்.

அவரோடு வாதாடுவதைவிடக் குளிரைத் தாங்குவது சுகம். நாங்கள் எல்லோரும் கழற்றினோம். எட்டுச் சோடிச் சப்பாத்து கதவோரம் வரிசையாக நின்றது. பிராவ் கெஸ்லருக்குக் கண் கலங்கிவிட்டது. இவர்களிடமிருந்து நாங்கள் எவ்வளவு கற்றுக்கொள்ள வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். முன்வரிசையில் இருந்த கிழவர் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டுத் தன் பூட்ஸையும் கழற்றினார். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ சொல்ல, திரும்பப் போட்டுக்கொண்டார். எங்களிடமிருந்து ஜெர்மன்காரர் கற்றுக்கொண்டது அந்த இரண்டு நிமிடம்தான்.

இதனால் ஒரு ஆளுக்கு மட்டும் உண்மையான நன்மை கிடைத்தது. வில்ம்ஸுக்கு இரண்டு வருடமாக எங்கள் முகங்கள் பிடிபடவில்லை. என்னைப் பலமுறை நவரத்தினம் என்று கூப்பிட்டிருக்கிறார். நவரத்தினம் என்னைவிட ஒரு முழம் உயரம். இப்போது ஒவ்வொரு தரிப்பிலும் எழுந்து வந்து முகத்தைப் பார்த்துக் குழம்பாமல் சப்பாத்துகளை எண்ணினார். எட்டு வந்தது. அட்டையில் ஒரு கோடு போட்டார்.

பாதி வழியில் பிராவ் கெஸ்லர் செல்லமக்காவின் பிளாஸ்கைக் கண்டுவிட்டார். “ஓ, சிலோன் தேநீர்” என்றார். செல்லமக்கா “நைன், நைன்” என்று மறுத்தார். அவருக்குத் தெரிந்த ஜெர்மன் அவ்வளவுதான். அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்ட பிராவ் கெஸ்லர் பிளாஸ்கை வாங்கி, ஒரு கோப்பை நிறைய ஊற்றி, அகதிகளின் அன்பளிப்பு என்று நிக்கொலவுஸிடம் நீட்டினார். நிக்கொலவுஸ் வேடம் போட்டிருந்தவர் ஓய்வு பெற்ற ட்ராம் சாரதி. நாற்பது வருடம் சனத்தோடு மரியாதையாகப் பழகியவர். ஒரு வாய் குடித்தார். முகம் ஒரு கணம் நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் மிச்சத்தையும் குடித்து முடித்தார். பிறகு தாடியைத் துடைத்துக்கொண்டு, மிகவும் நன்றாக இருக்கிறது என்றார். பிளாஸ்கை அண்ணாந்து இன்னொரு மிடறு குடிக்கிற மாதிரிப் பாவனையும் செய்து, வாய் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“எச்சிலாக்கிப் போட்டான்” என்றார் செல்லமக்கா. “இனி இதைப் பாவிக்க ஏலாது.”

ரஞ்சினி பிள்ளையை மடியில் வைத்து யன்னலைப் பார்த்தபடி இருந்தாள். வெளியே இருட்டு, உள்ளே இத்தனை பல்ப். கண்ணாடியில் தாயும் பிள்ளையும் தெளிவாகத் தெரிந்தார்கள். செல்லமக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, எண்ணெயிலை தெரிஞ்சால் என்ன, கண்ணாடியிலை தெரிஞ்சால் என்ன. நிழல் நிழல்தானே” என்றார். சாத்திரம் இவ்வளவு வளையுமென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கடைசித் தரிப்பில் ட்ராம் நின்றது. எதிரே ஒரு பூக்கடைச் சுவரோரம் யோகலிங்கம் நின்றான். காதுவரை தொப்பி, கை இரண்டும் சட்டைப் பைக்குள். எங்களைக் கண்டதும் கதவடிக்கு வந்தான். வில்ம்ஸும் அட்டையோடு கதவடிக்கு வந்து நின்றார். யார் இறங்கினாலும் சூடான வைன் குடித்துவிட்டு ஏறலாம். பட்டியலில் உள்ள எட்டுப் பேர் மட்டும் ஏறலாம்.

அப்போதுதான் ரஞ்சினி என்னைப் பார்த்தாள். “இஞ்சேருங்கோ, நீங்கள் இறங்குங்கோ.”

“நானோ?”

“கண்ணாடியிலை பாக்க அண்ணை உள்ளுக்கை வரோணும். உங்கட இடத்திலை இருக்கட்டும். அடுத்த முறை வரேக்கை மாறுங்கோ. அவருக்கு ஆளைத் தெரியாது. சப்பாத்தைத்தானே எண்ணுறார்.”

பிள்ளையின் தகப்பன் நான் என்பதை அவளுக்கு ஞாபகப்படுத்த நேரம் இருக்கவில்லை. காலுறையோடு இறங்கினேன். நிலம் பனிக்கட்டியாக இருந்தது. யோகலிங்கத்திடம் இரண்டு வரியில் விசயத்தைச் சொன்னேன். செல்லமக்காவின் சாத்திரத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. தன் சப்பாத்தைக் கழற்றி எனக்குத் தந்துவிட்டு, காலுறையோடு ஏறினான். வில்ம்ஸ் குனிந்து எண்ணினார். எட்டு. கோடு போட்டார்.

மணி அடித்து ட்ராம் கிளம்பியபோது அவர்களுடைய யன்னல் என்னைத் தாண்டிப் போனது. யோகலிங்கம் பிள்ளையை முழங்காலில் இருத்தி, கண்ணாடிக்கு மிக அருகில் முகத்தை வைத்திருந்தான். ஒரு கை நீட்டினால் தொடும் தூரத்தில் நான் நின்றேன். அவன் நேரே என் முகத்தைப் பார்த்தான், என்னைக் காணவில்லை. அவனுடைய கண்ணில் இருந்த தண்ணீரைக் கண்டதும் எனக்கும் வந்துவிட்டது. காலில் அவனுடைய சப்பாத்து கடித்ததும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஐம்பது நிமிடம் நான் என் சொந்த ஊரின் கடைசி மூலையில், சட்டப்படி, விறைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். பத்திரம் கேட்டார்கள். ஜெர்மனியில் எனக்கு அதுவரை அப்படியொரு சந்தர்ப்பம் வாய்த்ததில்லை. ஒரு பிழையும் இல்லாத பத்திரத்தைப் பிழையில்லாத இடத்தில் நின்று எடுத்து நீட்டினேன். ஒருவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குற்றம் ஒன்றும் இல்லாததால் சற்றுச் சோர்ந்து திருப்பித் தந்தார். போவார்கள் என்று பார்த்தால், விளக்கு ட்ராம் வரும்வரை நின்று வைன் குடிக்கப்போவதாகச் சொன்னார்கள். எனக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது.

ட்ராம் வந்தது. பொலிஸ்காரர் இரண்டு பேரும் கதவுக்கு முன்னால். உள்ளே யோகலிங்கம் அவர்களைக் கண்டுவிட்டான். இறங்காமல் இருந்தால் நான் ஏற முடியாது; இறங்கினால் அவர்களின் மூக்குக்கு நேரே இறங்க வேண்டும். அவன் பிள்ளையைத் தாயிடம் கொடுத்தான். வரிசையிலிருந்த என் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு, மாமனார் வீட்டுப் படியில் இறங்குவது போல மெதுவாக இறங்கி வந்து என் தோளில் கை போட்டான்.

என் பத்திரத்தைப் பார்த்த பொலிஸ்காரர் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “சகோதரனுக்காகவா காத்திருந்தாய்?” என்று என்னைக் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். “பார்த்தாலே தெரிகிறது” என்று சொல்லிவிட்டு நிக்கொலவுஸ் நீட்டிய கோப்பையை வாங்கப் போனார். மூன்று அன்ராக்கில் ஒரு வயிற்றில் பிறந்தவர்களை உறவு என்று நிறுவ முடியவில்லை. சொந்த இரத்தமில்லாத எங்களை அந்த மனிதர் ஒரு பார்வையில் அண்ணன் தம்பியாக்கிவிட்டார். அவரை அலுவலகத்தில் இருத்தியிருக்க வேண்டும்.

பூக்கடைச் சுவரோரம் ஒதுங்கி நின்றோம்.

“வடிவாப் பாத்தியோ?” என்றேன்.

“கண்ணாடியிலை பாத்தன்.”

“பிறகு நேரே?”

“இல்லை மச்சான்.”

ஐயரோடு வாதாடியவன் இப்படிப் பயந்துவிட்டானே என்று பகிடி பண்ண வாயெடுத்தேன்.

“எனக்கு ஏதும் நடந்தாப் பரவாயில்லை” என்றான் அவன். “நாளைக்குப் போற இடத்திலை என்ன நடக்குதோ, திருப்பி அனுப்புவாங்களோ, ஆருக்குத் தெரியும். அப்பிடி ஏதும் நடந்தா, எண்ணெயிலை பாக்காமல் நேரே பாத்ததாலைதான் எண்டு சனம் பிள்ளையைச் சொல்லும். சாகுமட்டும் சொல்லும். செல்லமக்காவே முதல் ஆளாச் சொல்லுவா. அந்தப் பழி பிள்ளைக்கு வேண்டாம்.”

பகிடியை விழுங்கிக்கொண்டேன்.

“ஆனா ஒண்டு மச்சான். பிள்ளைக்கு என்னைப் பிடிக்கேல்லைப் போல. கண்ணாடியிலை முகத்தைக் காட்டவே இல்லை. நான் பாக்கப் பாக்கத் திருப்பித் திருப்பிக்கொண்டு போனாள். ரெண்டு மூண்டு தரம்தான் சரியாக் கண்டனான்.”

“மூண்டு மாசப் பிள்ளை. நித்திரையாக்கும்.”

“இருக்கும்” என்றான். அவன் நம்பவில்லை என்று தெரிந்தது.

மணி அடித்தது. சப்பாத்து மாற்ற நேரமில்லை. பொலிஸ்காரர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவனுடைய சப்பாத்தோடு ஏறிக் கழற்றி வரிசையில் வைத்தேன். வில்ம்ஸ் எண்ணினார். எட்டு. அட்டையில் கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டு, எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று என் முதுகில் தட்டினார். யோகலிங்கம் தேவாலயம் எனக்குத் தந்த சப்பாத்தில் இருட்டுக்குள் முந்நூறு மீற்றர் நடந்து போனான். அடுத்த நாள் காலை அவனை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டு போனார்கள்.

தை மாதம் பிராவ் கெஸ்லர் தேவாலயத்துச் செய்தித்தாளோடு வந்தார். ட்ராமில் அவர் எடுத்த படம் முதல் பக்கத்தில் வந்திருந்தது. “ஒரு அகதித் தகப்பனின் நத்தார் மகிழ்ச்சி” என்று தலைப்பு. கீழே என் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது. படத்தில் இருந்தவன் யோகலிங்கம். பிராவ் கெஸ்லர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நன்றாக விழுந்திருக்கிறீர்கள் என்றார். நன்றி சொன்னேன்.

அவர் போன பிறகுதான் படத்தை வடிவாகப் பார்த்தேன். யோகலிங்கம் யன்னலை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கண்ணாடியில் அவனுடைய முகம் தெரிகிறது. பிள்ளையின் முகம் தெரியவில்லை. அவளுடைய மொட்டைப் பின்தலைதான் தெரிகிறது. ஏனென்றால் அவள் கழுத்தை முழுவதும் திருப்பி, வாயைத் திறந்தபடி, அவனுடைய முகத்தை நேரே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ரஞ்சினியிடம் காட்டினேன். அவள் படத்தை வாங்கிக்கொண்டு சட்டை தோய்க்கும் அறைக்குள் போனாள். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. நான் வாசலில் நின்று அழுதேன். ஒளிக்க ஒன்றுமில்லை.

படத்தை வெட்டி யோகலிங்கத்துக்கு அனுப்பினேன். “மச்சான், பிள்ளை முகத்தைத் திருப்பினது இதுக்குத்தான்” என்று மட்டும் எழுதினேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது.

“படத்தைச் சுவரிலை ஒட்டியிருக்கிறன். ஒவ்வொரு நாளும் காலமை நேரேதான் பாக்கிறன். எனக்கு இன்னும் ஒண்டும் நடக்கேல்லை எண்டு செல்லமக்காவுக்குச் சொல்லு. பிள்ளைக்கும் சொல்லு.”